கால்வாய்க்குக் கிழக்கே அக்காவின் மலை

இந்த மலருக்காக நான் எழுதித் தந்த முதல் கட்டுரையைப் பெரியப்பா தூத்துக்குடியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார். "ஏட்டி, இது நினைவு மலருக்கு எழுதுனதா, கோர்ட்டுல போடுத மனுவா? படிக்கவன் பயந்து போவான். கொஞ்சம் அமைதியா எழுதித் தா" என்று தொலைபேசியில் சொன்னார். அவருக்காக ஒருமுறை அமைதியாகவும் எழுதிப் பார்த்தேன். அதில் அக்கா அன்பே உருவானவராகவும் பொறுமையின் சிகரமாகவும் வந்து நின்றார். படித்துப் பார்த்தால் அது யாரோ ஒரு பெண். எங்கள் வீட்டில் இருந்தவர் இல்லை. ஆகவே கோபத்தில் பாதியை மட்டும் குறைத்துக்கொண்டு மூன்றாம் முறை எழுதுகிறேன். மீதிப் பாதியை உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

அக்கா பிறந்தது கல்கத்தாவின் கிடர்பூரில், துறைமுக ஊழியர் குடியிருப்பில். தூத்துக்குடியிலிருந்து வந்து துறைமுகச் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் அப்பா. எங்களுக்குக் கிடைத்த தரைத்தள வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கூடத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தால் அது யோசித்து யோசித்து உருண்டு சமையலறை மூலைக்குப் போய்விடும். மழைக்காலம் வந்தால் முன்கதவு சாத்தாது. ஆண்டுதோறும் அப்பா இழைப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கதவின் அடிப்பாகத்தைச் சீவுவார். சிறுமியாக இருந்த அக்கா பக்கத்தில் நின்று கேட்டாராம்.

"எப்பா, கதவ எதுக்குச் செதுக்குதிய? கதவு வளரவா செய்யுது?"

"கதவு வளரலம்மா. வீடு எறங்குது."

"எங்க எறங்குது?"

"கீழ."

"கீழ என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியாது தாயி."

அப்பா அன்று தெரியாது என்று உண்மையைச் சொல்லாமல் ஏதாவது பூதக் கதை சொல்லி அனுப்பியிருந்தால் அக்கா ஒழுங்காக வங்கிப் பரீட்சை எழுதி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார் என்பது அம்மாவின் நெடுநாளைய குறை. நான் பிறந்து நடக்கத் தொடங்கியபோது அந்தக் கதவின் அடியில் பூனை தாராளமாக வந்துபோகும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா கட்டடப் பொறியியல் முடித்து, அதற்கு மேல் மண்ணியலைத் தனியாகப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது உறவில் பெரிய சிரிப்பு எழுந்தது. "மண்ணப் படிக்கதுக்கு காலேஜி எதுக்கு? ஊருக்கு அனுப்பி வைங்க, வயல்ல எறக்கி விடுதேன், பத்தே நாள்ல படிச்சிருவா" என்றார் பெரியப்பா. (இதை அச்சிடலாம் என்று அவரே அனுமதி தந்திருக்கிறார். நல்ல மனிதர்.)

முதல் வேலை கரியாஹாட்டில், ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்த சிறிய அலுவலகத்தில் கிடைத்தது. யாராவது அடுக்குமாடி கட்டுவதாக இருந்தால் அந்த இடத்தில் துளையிட்டு, அடியிலிருக்கும் மண்ணை எடுத்துச் சோதித்து, அடித்தளம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் வேலை. அக்கா சைட்டுக்குப் போய் நின்றால், "இன்ஜினியர் சாஹேப் எப்போ வருவார்?" என்று அவரிடமே கேட்பார்கள். "வந்துட்டாங்க" என்பார் அக்கா. அவர்கள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

இந்த நகரத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பது அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. மேலே கொஞ்சம் சுமாரான களிமண். அதைத் தாண்டினால் கறுப்பாக, விரல் வைத்தால் உள்வாங்கிக்கொள்ளும் சேறு. அந்தச் சேற்றுக்குள் எந்தக் காலத்திலோ நின்ற சதுப்புக் காட்டு மரங்கள் பாதி மட்கிக் கிடக்கின்றன. ஒருமுறை அந்த மரத்துண்டு ஒன்றைக் காயவிடக் கூடாது என்று அக்கா டிபன் பாக்ஸில் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஊரிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய கருவாடு என்று நினைத்து அம்மா அதை வெந்நீரில் போட்டுவிட்டார். வீடு முழுவதும் எழுந்த நாற்றத்தில் அப்பா தெருவுக்குப் போய் நின்றுகொண்டார். "எம்மா, அது ரொம்பப் பழசும்மா" என்று அக்கா அழாக்குறையாகச் சொல்ல, "பழசுன்னு மோந்ததும் தெரிஞ்சிட்டுட்டி, அதான் ரெண்டு தடவ கழுவுனேன்" என்றார் அம்மா.

அப்பா ஓய்வு பெற்றதும் சால்ட் லேக்குக்குக் கிழக்கே, கால்வாயைத் தாண்டி, ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில் வீடு வாங்கினோம். அக்கம்பக்கம் முழுக்க முன்பு மீன் வளர்த்த குளங்கள். தூர்த்து மனை போட்டிருந்தார்கள். அதே சமயத்தில் அந்தக் கால்வாய்மேல் புதிய பாலமும் இருபுறமும் அணுகுசாலையும் கட்டும் பணி தொடங்கியது. அதில் மண் சம்பந்தப்பட்ட பொறுப்புக்கு அக்கா போய்ச் சேர்ந்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை என்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அந்தத் தேங்காயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அக்கா அங்கே செய்த காரியத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தண்ணீர் பூட்டிக் கிடக்கும் சேற்றின் மேல் நேராகச் சாலை போட்டால், அந்தப் பாரத்தில் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறும். சாலையும் மெல்ல மெல்ல இறங்கும். பாலமோ ஆழமான தூண்களின் மேல் நிற்பது, அது இறங்காது. இரண்டும் சேருமிடத்தில் படி விழும், வண்டி குதிக்கும். இதைத் தவிர்க்க ஒரு வழி, இறங்க வேண்டியதைச் சாலை போடுவதற்கு முன்பே இறங்க வைத்துவிடுவது. நாடா போன்ற வடிகால் பட்டைகளைச் சேற்றுக்குள் நெருக்கமாகச் செருகி, மேலே மணல் பரப்பி, அதன் மேல் சாலைக்குத் தேவையானதைவிட உயரமாக மண்ணைக் குவித்துவிட வேண்டும். பாரம் தாங்காமல் தண்ணீர் பட்டை வழியே ஏறி மணலில் வடியும். வடிந்து முடிந்ததும் கூடுதல் மண்ணை எடுத்துவிட்டுச் சாலை போடலாம்.

வடிந்து முடியும் வரை என்ன செய்வது? காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில். அதுதான் சிக்கல்.

காத்திருக்கும்போது செய்யும் ஒரே வேலை அளப்பது. குவியலுக்கு அடியில் இரும்புத் தகடுகளைப் புதைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாயை மேலே தெரியும்படி நிறுத்தியிருந்தார்கள். மண் இறங்கினால் குழாயின் தலையும் இறங்கும். சனிக்கிழமை தோறும் காலையில் அக்கா மட்டம் பார்க்கும் கருவியோடு போவார். அளவுகோலைப் பிடிக்கும் நிமாய் மேலே ஏறி ஒவ்வொரு குழாயின் தலையிலும் கோலை நிறுத்துவார். அவ்வளவுதான். வேறு எதுவும் நடக்காது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு பெரிய மண்மேடு சும்மா கிடந்தது; அதன்மேல் ஆடு மேய்ந்தது; விஸ்வகர்மா பூஜையன்று பையன்கள் ஏறி நின்று பட்டம் விட்டார்கள். தட்டையான அந்த வட்டாரத்தில் உயரமான இடம் அது ஒன்றுதான். 'திதிர் பாஹாட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வங்காளியில் அக்காவின் மலை என்று பொருள். அன்பாக வைத்த பெயர் இல்லை.

பாலம் முடிந்து நின்றது, அதில் ஏறத்தான் வழியில்லை. ஊரே மூங்கில் பாலத்தில்தான் கால்வாயைக் கடந்தது. நான் செக்டர் ஃபைவில் மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த புதிது. மழையில் அந்த மூங்கிலில் வழுக்கி என் செருப்பு ஒன்று கால்வாயோடு போயிற்று. அன்று மாலை அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

"எக்கா, நாங்க வெள்ளிக்கிழமை அனுப்புனதுல தப்பிருந்தா திங்கக்கிழமை ஒரு பேட்ச் போட்டுச் சரிபண்ணிருவோம். நீயும் ரோட்டப் போட்டுட்டு, பெறவு சரி பண்ணேன்."

"பேட்ச் போடுததத் தானட்டி இந்த ஊரு காலங்காலமா ரோட்டுல செஞ்சிட்டிருக்கு" என்றார் அக்கா. "வெளிய போய்ப் பாரு."

ரிக்‌ஷாக்காரர் அம்மாவிடம், "மாஷிமா, உங்க பெரிய பொண்ணு மலையை எடுக்கிறதுக்குள்ள நான் தாத்தாவாயிடுவேன்" என்பார். அம்மாவுக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில், "நீ முதல்ல அப்பாவாகு" என்று திருப்பிக் கொடுப்பார். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அவரும் அதே பல்லவிதான். "மண்ணு உக்காருதுக்கு இவ காத்திருப்பா. மாப்பிள வீட்டுக்காரன் காத்திருப்பானா?"

இந்த எரிச்சல்களுக்கெல்லாம் மேலே மித்ரா பாபு. அவர்தான் அந்தப் பணிக்கு மேலாளர். துர்கா பூஜைக்கு முன் சாலையைத் திறந்துவிடுகிறேன் என்று அவர் யாரிடமோ வாக்குக் கொடுத்துவிட்டார். சேற்றோடு அவர் கலந்து பேசவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும், "ஹோயே கேலோ?" என்று கேட்பார். முடிந்துவிட்டதா என்று அர்த்தம். அக்கா இல்லை என்பார். அடுத்த சனிக்கிழமை மறுபடி கேட்பார்.

ஒரு வாரம் அளவு தலைகீழாக வந்தது. கிழக்குப் பக்கக் குழாய் ஒன்று இறங்குவதற்குப் பதிலாக ஒரு முழம் ஏறியிருந்தது. மித்ரா பாபு முகம் மலர்ந்துவிட்டார்.

"பார்த்தீங்களா, இறங்கி முடிச்சு இப்போ மேலே வருது. போதும், மண்ணை எடுத்துடலாம்."

"சார், அது மண்ணு. லிஃப்ட் இல்ல" என்றார் அக்கா.

மேலே ஏறிப் பார்த்தால், கால்பந்துப் போட்டிக்கு ஒலிபெருக்கி கட்டுவதற்காக எங்கள் பகுதிக் கிளப் பையன்கள் சைட்டில் கிடந்த உதிரிக் குழாய் ஒன்றை அளவுக் குழாயின் தலையில் அழகாகத் திருகியிருந்தார்கள். நிமாய் பாவம், எது உயரமோ அதன் தலையில் கோலை வைத்துவிட்டார். அக்கா அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராகக் கிளப்புக்குப் போனார். அதன் செயலாளர் பாச்சு-தா, அதாவது பாச்சு அண்ணன், அந்த வட்டாரத்தில் இனிப்புக் கடை வைத்திருப்பவர். பெரிய மீசை, பெரிய குரல். அக்கா குழாயை அவர் கல்லாப்பெட்டியின்மேல் வைத்து, "இது உங்களோடதா?" என்றார். "இல்ல திதி, உங்களோடதுதான். கொஞ்சநாள் சும்மா நின்னுச்சு, வேலை குடுத்தோம்" என்றாராம் அவர்.

பூஜை நெருங்கியதும் பாச்சு-தா ஒரு பெட்டி சந்தேஷோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே கிளப்பைச் சேர்ந்த இருவர். கிழக்குக் குவியலின் அடி அவர்களுடைய பூஜை மைதானத்தில் பாதியை விழுங்கியிருந்தது. பாண்டல் என்று இங்கே சொல்லும் பூஜைப் பந்தல் போட இடமில்லை. மித்ரா பாபு சொல்லித்தான் வந்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. பேச்சு வங்காளியில் நடந்தது. நான் தமிழில் தருகிறேன்.

"மாஷிமா, நீங்களே சொல்லுங்க. அம்மா துர்கா வந்து நிக்க இடமில்லாம ஒரு மலை. நியாயமா?"

அம்மா சந்தேஷை வாங்கி வைத்துக்கொண்டு, "அவட்டயே கேளுங்க. எங்க பேச்ச எங்க கேக்கா" என்று கைவிரித்துவிட்டார்.

அக்கா கேட்டார்: "பாச்சு-தா, இந்தச் சந்தேஷுக்குச் சானாவ எப்படித் தயார் பண்ணுறீங்க?"

பாலைத் திரித்து எடுக்கும் சானாவில்தான் இங்கே எல்லா இனிப்பும் ஆகும். அவர் உற்சாகமாகச் சொன்னார். துணியில் கட்டி, தண்ணீர் வடிய, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைப்போம் என்றார்.

"எவ்வளவு நேரம்?"

"வடியிற வரைக்கும்."

"பாதியில கல்லை எடுத்தா?"

"சந்தேஷ் பிடிக்காது, சொதசொதன்னு ஆயிடும். பரப்பி வெச்சா தட்டோட உக்காந்துடும்."

"இந்தத் தரையும் சானாதான். நான் வெச்சிருக்கிறது கல்லு."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பாச்சு-தா மீசையைத் தடவிக்கொண்டார்.

"திதி, ஒரு ரகசியம் சொல்லட்டுமா? பூஜை ஆர்டர் குவியும்போது நாங்களும் பாதியிலேயே கல்லை எடுத்துடுவோம். ரெண்டு பேர் திட்டுவான். அப்புறம் பூஜை முடிஞ்சிடும், எல்லாரும் மறந்துடுவான்."

"உங்க சந்தேஷை ஒரு நாள்ல தின்னு முடிச்சிருவாங்க. என் ரோட்டுமேல நீங்க தினமும் போகணும்."

"போறோம். குலுங்கிட்டே போறோம். கல்கத்தாக்காரனுக்குக் குலுங்கலைன்னா தூக்கம் வராது."

அவர்கள் போன பிறகு அக்கா சாப்பிடவில்லை. அடுத்த நாள் மித்ரா பாபு இரண்டு பக்கமும் மண்ணை எடுக்கச் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. மேற்கில் பெரும்பகுதி இறங்கியிருந்தது. இன்னும் சில வாரம் மீதி. கிழக்கு பழைய குளம். அங்கே இன்னும் வாரா வாரம் குழாய் இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கு மண்ணை இப்போதே எடுத்தால் கொஞ்சம் குலுங்கும். கிழக்கு மண்ணை எடுத்தால் சாலையே முறிந்துவிடும் என்றார் அக்கா. யாரிடம் சொல்வது? மித்ரா பாபுவிடம் சொல்லியாயிற்று. அவருக்கு மேலே இருப்பவரிடமும் சொல்லியாயிற்று. அவர் சேறு எங்கும் போய்விடாது, பூஜை போய்விடும் என்றாராம்.

வண்டிகள் வந்து மேற்கே மண் எடுக்கத் தொடங்கிவிட்டன. அக்கா கிழக்குக் குவியலின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் பாச்சு-தா வந்தார்.

"திதி, யோசிச்சேன். இப்போ எந்தப் பாண்டலையும் ஏதாவது ஒரு தீம் இல்லாம யாரும் செய்யறதில்ல. ஒருத்தன் கோட்டை கட்டுறான், ஒருத்தன் குகை கட்டுறான். மலையை மட்டும் எவனும் கட்டல. அம்மா துர்கா எங்கிருந்து வர்றா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"கைலாசத்துலேர்ந்து. எங்களுக்கு மைதானம் வேண்டாம், மலை வேண்டும். இந்தப் பக்கம் மண்ணை எவன் தொடுறான்னு பாக்குறேன்."

அப்படித்தான் கிழக்குப் பக்கம் பிழைத்தது. பூஜைக் குழு கைலாசம் என்று அறிவித்துவிட்ட மேட்டில் கைவைக்க மித்ரா பாபுவுக்கும் தைரியம் இல்லை, அவருக்கு மேலே இருந்தவருக்கும் இல்லை. மேட்டைச் சுற்றி மூங்கில் கட்டி, வெள்ளைத் துணி போர்த்தி, சரிவின் நடுவில் மேடை அமைத்துத் துர்கையை நிறுத்தினார்கள். துணி ஈரத்தை உள்ளே தேக்காமல், மூங்கில் நடும் குழி ஆழமாகப் போகாமல் அக்கா கூடவே நின்று பார்த்துக்கொண்டார். மேற்குச் சாலையை மித்ரா பாபு ஒரு பெரிய மனிதரை வைத்துத் திறந்தார். ஜனங்கள் அதில் வந்து, பாலத்தில் நடந்து, மூங்கில் படிகளில் கைலாசத்தின் வழியே இறங்கினார்கள். திறப்பு விழாவில் மித்ரா பாபு ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்; விளக்குப் போட்டவருக்கும் சொன்னார். அக்காவின் பெயர் வரவில்லை. நான் மேடைக்கு எதிரே எழுந்து நின்றுவிட்டேன். "உக்காருட்டி, கேமராவ மறைக்காத" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

அந்தச் சனிக்கிழமையும் அவர் அளந்தார். குழாய் ஒன்று சிங்கத்தின் வாலுக்குப் பின்னால் வந்திருந்தது. கும்பிட வந்தவர்கள் அதையும் ஏதோ விக்கிரகம் என்று நினைத்துக் குங்குமம் வைத்துப் பூ சாத்தியிருந்தார்கள். நிமாய் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கோலை நிறுத்தினார். பூவை எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும், குங்குமத்தின் கனம் கணக்கில் வராது என்று அக்கா சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. காளி பூஜையும் முடிந்து, பனி இறங்கி, குளிர்காலம் முழுவதும் மேடு அங்கேயே இருந்தது. கடைசியில் குழாய்கள் அசைவதை நிறுத்தின. பிறகு கூடுதல் மண்ணை எடுத்தார்கள். அடுத்த மழைக்கு முன் கிழக்குச் சாலையும் போட்டாயிற்று.

இதுவரை எழுதியது நான் பெருமைப்படும் பகுதி. இனி வருவதுதான் பெரியப்பாவைச் சங்கடப்படுத்தியது.

மேடு இருந்த அந்த மாதங்களிலேயே அக்காவின் மார்பில் ஒரு சிறு கட்டி இருந்தது. அம்மாவுக்குத் தெரியும். "டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருவோம், எந்தி" என்று அம்மா நாள்தோறும் சொன்னார். "வலிக்கலையேம்மா. மலைய எறக்கிட்டு வாரேன்" என்பார் அக்கா. சேற்றை அவசரப்படுத்தாதீர்கள் என்று ஊரையே எதிர்த்து நின்றவர், தன் உடம்பு விஷயத்தில் மித்ரா பாபுவைப் போலவே நடந்துகொண்டார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். மருத்துவரிடம் போனது சாலை போட்ட பிறகு. இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். மலையில் இருந்தோம் என்று எப்படிச் சொல்வது?

அக்காவின் பொறுமைதான் அவரை எடுத்துக்கொண்டது என்று உறவில் சிலர் ஆறுதலாகச் சொன்னார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். மேட்டில் அவர் காட்டியது பொறுமை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அளந்து, தெரிந்துகொண்டு காத்திருந்தார். மருத்துவத்தைத் தள்ளிப்போட்டது பொறுமை இல்லை. அதற்கு வேறு பெயர் இருக்கிறது, மலரில் எழுதக் கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். மருத்துவமனையில் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எக்கா, அந்த மண்ண எத்தன தடவ அளந்த? ஒன்ன ஒரு தடவயாவது அளந்தியா?"

"கொழா வைக்க மறந்துட்டேன்ட்டி" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். சண்டை போட வந்தவளைச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டார். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

சிகிச்சைக்கு நடுவிலும் அக்கா வேலைக்குப் போனார். இதற்குள் மேற்குப் பக்கம் அவர் சொன்னபடியே இறங்கியது. பாலம் தொடங்கும் இடத்தில் படி விழுந்தது. தார் போட்டு நிரப்பினார்கள், மறுபடி விழுந்தது, மறுபடி நிரப்பினார்கள். அலுவலகத்தில் எழுந்த பேச்சு என்ன தெரியுமா? மண் பார்த்த மேடத்தின் கணக்குத் தவறிவிட்டதாம். கிழக்குப் பக்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள், அங்கே பேசுவதற்கு ஒன்றுமே நடக்கவில்லையே. ஒழுங்காகச் செய்த அடித்தளத்தைப் பார்த்து யாரும் கை தட்டுவதில்லை. இந்தத் தொழிலில் செய்த தப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். இதை அநியாயம் என்று நான் கத்தினால், "கண்ணுக்குத் தெரியாம இருந்தாத்தான்ட்டி வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்பார் அக்கா. இந்தப் பதில் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

மேற்குப் பக்கத்துக் குலுக்கலுக்கு எங்கள் வீட்டில் மித்ரா பாபு என்றே பெயர். கடைசியாக அக்காவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த நாளில், டாக்ஸியின் பின் இருக்கையில் அம்மாவின் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். எவ்வளவு மெதுவாகப் போகச் சொல்லியும் பாலத்தின் மேற்கு முனையில் வண்டி தூக்கிப் போட்டது. வலியில் அக்காவின் முகம் சுருங்கியது. "மித்ரா பாபு" என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். பாலத்தைக் கடந்து கிழக்கே இறங்கினோம். அங்கே ஒன்றும் இல்லை. டாக்ஸிக்காரர் பாதையைப் பார்த்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தார். வீட்டு வாசலில் நின்றபோது அக்கா தூங்கியிருந்தார். அடுத்த வாரம் அதே வீட்டில், எங்கள் கண்முன், அமைதியாக விடைபெற்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். சிகிச்சை அளித்த மருத்துவர்களும் செவிலியர்களும். ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற கிளப் பையன்கள். ஒலிபெருக்கி கட்டிய அதே பையன்கள். கடைசி யாத்திரையில் செருப்பில்லாமல் நடந்த நிமாய். பதினாறாம் நாள் வரை எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் சாப்பாடு அனுப்பிய அண்டை வீட்டார். பாச்சு-தாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த மலை இல்லாவிட்டால் அக்கா முன்னதாகவே மருத்துவரிடம் போயிருப்பாரோ என்று ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் அக்காவிடம் அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நம் இருவருக்குமே தெரியும் என்றேன். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மித்ரா பாபுவும் துக்கம் விசாரிக்க வந்தார். அப்பாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழும்போது, "மேற்குப் பக்கத்தை இந்த வருஷம் மறுபடி உயர்த்தப் போறோம்" என்றார். அப்பா தலையாட்டினார். வந்ததற்கு அவருக்கும் நன்றி.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு வழி சொல்லி இதை முடிக்கிறேன். சால்ட் லேக் வரை எந்தப் பேருந்திலும் வரலாம். அங்கிருந்து கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி வரும் ஆட்டோவில் ஏறி, 'திதிர் பாஹாட்' என்று மட்டும் சொல்லுங்கள். எல்லோருக்கும் தெரியும்; ஆட்டோக்காரர்களும் அந்த நிறுத்தத்தை அப்படித்தான் கூவுகிறார்கள். பாலத்தில் ஏறும்போது பெரியவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பலமாகக் குலுக்கும். பாலத்திலிருந்து இறங்கும்போது கையை எடுத்துவிடலாம். கொஞ்ச தூரத்தில் ஆட்டோ நிற்கும். நாலாபக்கமும் தட்டையாக இருக்கும், மேடு என்று எதுவும் தெரியாது. இடம் தவறிவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம். அங்கேயே இறங்குங்கள்.